இரண்டு வருடப் படிப்பை மூன்று வருடம் படித்த மகனுக்கு

சீனு கண்ணு,

உன்னைக் கோயம்புத்தூரில் விட்டுவிட்டு நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். சென்ட்ரலில் இறங்கிக் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்தேன். பொன்னேரியில் பழவேற்காடு பஸ் காலியாக நின்றுகொண்டிருந்தது, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். திருப்பாலைவனம் வருவதற்கு முன்பே தூங்கிப்போயிருக்கிறேன். கடைசியில் கண்டக்டர்தான் தட்டி எழுப்பினார். இப்போது அங்கன்வாடியில் பிள்ளைகள் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள். ஆயா பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். அவர்கள் எழுந்திருப்பதற்குள் எவ்வளவு எழுத முடியுமோ எழுதுகிறேன், மீதியை வீட்டில் எழுதுவேன். போனில் பேசினால் என்ன என்று நீ நினைப்பாய். போனில் நீ எதற்கும் 'சரிம்மா, சரிம்மா' என்று சொல்லி வைத்துவிடுவாய். நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்று கேட்டு முடித்துவிடுவேன். எழுத்தில் அப்படித் தப்பிக்க முடியாது, உன்னாலும் சரி, என்னாலும் சரி. நடந்ததையெல்லாம் நான் பார்த்தபடி ஒரு தடவை உனக்கே சொல்ல வேண்டும் போலிருக்கிறது. பாதி உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் படி.

டாக்டர் படிப்புக்கான பரீட்சையை நீ ஒரு தடவை எழுதினாய், கிடைக்கவில்லை. இன்னொரு தடவை எழுதினாய், அதிலும் கிடைக்கவில்லை. அந்தச் சமயத்தில் நீ வீட்டில் நடந்த நடை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சுவரை ஒட்டியே நடப்பாய், யாருக்கும் இடைஞ்சலாக இருந்துவிடக் கூடாது என்பதுபோல. உன் உயிரியல் ஆசிரியர்தான் அந்த இரண்டு வருட லேப் படிப்பைப் பற்றிச் சொல்லி அனுப்பினார். நீ வந்து சொல்லும்போதே, "டாக்டர் ஆவ முடியாதவங்க படிக்கறதும்மா" என்றாய். நைனா வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே, "அதுல இன்னாடா பண்ணுவாங்க?" என்று கேட்டார். ரத்தம், சளி, சிறுநீர் எல்லாவற்றையும் சோதித்து, உள்ளே என்ன இருக்கிறதென்று டாக்டருக்குச் சொல்ல வேண்டும் என்றாய். "அப்போ டாக்டருக்கே நீதான் சொல்லணுமா?" என்றார். நீ சிரித்துவிட்டாய். எத்தனையோ நாளுக்கு அப்புறம் நீ சிரித்தது அது. அவர் உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை, சீனு. அவருக்கு நிஜமாகவே அது பெரிய வேலையாகத் தெரிந்தது. மறுநாள் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

முதல் வருடம் எனக்கு மிகவும் பிடித்த வருடம். விடியலிலேயே பஸ், பொன்னேரியில் ரயில், ஏறும்போதே உட்கார இடம் இருக்காது, நின்றுகொண்டே படிப்பாய். சாயங்காலம் வந்தால் சோறு போடும்வரை எனக்குப் பாடம் நடக்கும். அதுவரைக்கும் உடம்பு என்றால் எனக்குத் தராசு முள்ளும், குழந்தையின் கைச் சுற்றை அளக்கும் நாடாவும்தான். எடை ஏறினால் சந்தோஷம், இறங்கினால் கவலை. நீதான் உள்ளே கூட்டிக்கொண்டு போனாய். ரத்தத்தில் இருக்கும் சிவப்பணு நாலு மாசம்தான் உயிரோடு இருக்கும், அப்புறம் செத்துப் புதுசு வரும் என்று ஒருநாள் சொன்னாய். "அப்போ போன வருஷம் எனக்குள்ள ஓடின ரத்தம் இப்ப இல்லியாடா?" என்று கேட்டேன். இல்லை என்றாய். அதை நினைத்துக்கொண்டே அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். நீ படித்த படிப்பில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது, அதை உன்னிடம் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

நைனாவுக்குக் கிடைத்த பங்கு வேறு. ரத்தம் எடுக்கப் பழகுகிறேன் என்று அவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாய். கயிறு இழுத்துக் காய்ப்பேறிய கை, நரம்பு எல்லாம் பாய்மரக் கயிறு மாதிரிப் புடைத்து நின்றது. "இதுல கண்ண மூடிக்கிட்டே எடுக்கலாம் நைனா" என்றாய். ஊசி போனது அவருக்குத் தெரியவே இல்லை. ஆனால் டியூபில் ரத்தம் ஏறுவதைப் பார்த்ததும், "சீனு, எனுக்கு ஒரு மாதிரி..." என்று சொல்லிக்கொண்டே சரிந்துவிட்டார். திருக்கை வாலில் அடி வாங்கி, ரத்தம் சொட்டச் சொட்டப் படகைத் தள்ளிக்கொண்டு வந்த மனுஷன். நீ ஒரு கையால் டியூபையும் இன்னொரு கையால் அவர் தலையையும் பிடித்துக்கொண்டு, "அம்மா, தண்ணி!" என்று கத்தினாய். டியூபை நீ கீழே போடவில்லை. அதில் முதலில் அவர் பெயரை எழுதிவிட்டுத்தான் என்னைப் பார்த்தாய். நான் கோபமாகத் திட்டினேன். "எழுதாம வெச்சா யாருதுன்னு தெரியாதும்மா" என்றாய்.

அப்படிச் சொன்ன நீதான், இரண்டாவது வருடம், ஆஸ்பத்திரியில் வேலை பழக அனுப்பும் போஸ்டிங்கில், எழுதாமல் வைத்தாய்.

அன்றைக்கு நீ வீட்டுக்குப் போகாமல் நேராக அங்கன்வாடிக்கு வந்தாய். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். அவர்கள் உட்காரும் சிவப்பு நாற்காலி ஒன்றில், முழங்கால் முகத்தைத் தொட, உட்கார்ந்தாய். வெள்ளைக் கோட்டைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாய். அதன் பை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. நீயாகவே சொன்னாய்.

பெண்கள் வார்டில் லட்சுமி என்று இரண்டு பேர். ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் இருந்த லட்சுமி பிள்ளைத்தாய்ச்சி, ரத்தம் இல்லாமல் வெளுத்துப்போனவள், அவளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டும். கதவுப் பக்கத்து லட்சுமிக்கு எந்த வகை ரத்தம் என்று பார்த்து வைத்தால் போதும். ஜன்னல் லட்சுமிக்கு நரம்பே கிடைக்கவில்லை. குத்திக் குத்திப் பார்த்து, அரை டியூப்தான் எடுத்தாய். அவள் வலியில் அழுதுவிட்டாள். உனக்குக் கை வியர்த்துப்போய், கட்டில் பக்கத்திலேயே பெயரை எழுத வேண்டியதை எழுதாமல், இரண்டு டியூபையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு லேபுக்குப் போய் எழுதினாய். மத்தியானத்துக்கு மேல் டியூப் ஸ்டாண்டைத் துடைக்கும்போது, அரை டியூபில் கதவுப் பக்கத்துக் கட்டிலின் எண் இருப்பதைப் பார்த்தாய். ஒருத்தியின் ரத்தத்தில் இன்னொருத்தியின் சீட்டு. அதற்குள் வேறு வகை ரத்தம் ஜன்னல் லட்சுமிக்காகக் கிளம்பிப் போய்விட்டது.

பக்கத்தில் இருந்த சீனியரிடம் சொன்னாய். அவர் கெட்டவர் இல்லை என்று அன்றைக்கே நீ இரண்டு தடவை சொன்னாய். "டென்சன் ஆவாத. ரத்தப் பையை எறக்கி வெச்சிருப்பாங்க, ஒடனே போட மாட்டாங்க. நீ மறுபடி எடுத்துட்டு வந்து மாத்திடு. யார்கிட்டயும் வாயத் தொறக்காத" என்றாராம். நீ நின்றாய். "கொஞ்ச நேரம் நின்னேம்மா. அவரு சொல்றது சரிதான்னு தோணிச்சு. நின்னேன்" என்றாய். அந்தச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்து நீ அழுதது அதற்கப்புறம் வார்டில் வாங்கிய அடிக்காக இல்லை, அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

அப்புறம் ஓடியிருக்கிறாய். மாடிப்படி ஏறி வார்டுக்குள் நுழையும்போது சிஸ்டர் பையைக் கம்பியில் மாட்டிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் மெதுவாகச் சொல்ல உனக்குத் தோன்றவில்லை. வாசலிலிருந்தே, "சிஸ்டர், போடாதீங்க! அது அவங்களுக்கு இல்ல, நான் மாத்திட்டேன்!" என்று கத்தினாய். பார்வையாளர் நேரம். வார்டு முழுக்க ஆட்கள். அந்தப் பெண்ணின் புருஷன் எழுந்து வந்து உன் கோட்டைப் பிடித்து இழுத்தான். "இன்னாடா சொல்ற? யாரு ரத்தம்டா இது? என் பொண்டாட்டி செத்திருந்தா?" என்று அறைந்தான். நீ கையைக் கூடத் தூக்கவில்லை. சிஸ்டர் பையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இருட்டுவதற்குள் நைனா கரையிலிருந்து வந்தார். நான்தான் சுருக்கமாகச் சொன்னேன். அவர் உன்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பொண்ணு நல்லா கீதா?"

"நல்லா இருக்காங்க நைனா. சரியான ரத்தம் ஏத்திட்டாங்க."

"சோறு போடு மே, புள்ளைக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

கல்லூரியில் எங்களை வரச் சொன்னார்கள். நைனா கல்யாணத்துக்குக் கட்டும் வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். துறைத் தலைவி, கண்ணாடி போட்ட அந்த அம்மாள், எங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். உன்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், இல்லாவிட்டால் பாராட்டுவார் என்றும் மனதில் ஓர் ஓரத்தில் ஆசை இருந்தது. அவர் இரண்டும் செய்யவில்லை. "உங்க பையன் தப்புப் பண்ணினது நிஜம். ஓடிப் போய்ச் சொன்னதும் நிஜம். ஒண்ணுக்காக இன்னொண்ண நான் அழிக்க முடியாதும்மா. ரெண்டையும் எழுதித்தான் ஆகணும்" என்றார். போஸ்டிங் ரத்து, அடுத்த வருடம் வந்து இரண்டாம் வருடத்தை மறுபடி படிக்க வேண்டும், ஆனால் கல்லூரியை விட்டு அனுப்பவில்லை என்று சொன்னார். நான் கெஞ்சுவதற்கு வாயைத் திறந்தேன். அவர் என் பக்கம் குனிந்து, "சாப்பிடறானா? தூங்கறானா? அத மட்டும் பாத்துக்குங்க. வருஷம் போனா வரும்" என்றார். அதற்கு மேல் எனக்குக் கெஞ்ச வரவில்லை. அந்தத் தீர்ப்பு சரியா தப்பா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். ஒரு நாள் அநியாயம் என்று தோன்றும். மறுநாள், அந்த ஜன்னல் லட்சுமி என் மகளாக இருந்தால் நான் என்ன கேட்டிருப்பேன் என்று தோன்றும். இன்றைக்கு வரைக்கும் ஒரு பக்கமாக என்னால் நிற்க முடியவில்லை. உனக்குச் சொல்ல முடிந்ததெல்லாம், அந்த அம்மாள் உன்னைப் பற்றிப் பேசியபோது அவர் குரலில் வெறுப்பு இல்லை என்பதுதான்.

அடுத்த சில மாதங்கள் நீ நைனாவோடு ஏரிக்குப் போனாய். வேலையில் குறை சொல்ல முடியாது. வலையை நன்றாகத்தான் இழுத்தாய். ஆனால் பேச்சு போய்விட்டது. கரையில் யாராவது, "இன்னாடா சீனு, படிப்பு முடிஞ்சிச்சா?" என்று கேட்டால் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவாய். நைனா நகர மாட்டார். "ரெண்டு பேரு ரத்தத்த மாத்தி வெச்சிட்டான். அவனே ஓடிப் போய்ச் சொல்லிட்டான். அதுக்குத்தான் ஒரு வருசம் வூட்ல இருன்னு அனுப்பிட்டாங்க" என்று, நாளைக்குக் காற்று எப்படி அடிக்கும் என்று சொல்கிற அதே குரலில் சொல்வார். ஒருநாள் நீ வீட்டுக்கு வந்ததும் வெடித்தாய்.

"ஏன் நைனா எல்லார்கிட்டயும் சொல்ற? மானம் போவுது எனுக்கு."

"கேட்டாங்க, சொன்னேன்."

"வேற எதுனா சொல்லக் கூடாதா?"

"ஆஸ்பத்திரில அத்தினி பேரு நடுவுல கத்தினவன் நீ. இங்க இன்னாடா புதுசா வெக்கம்?"

நீ வெளியே போய்விட்டாய். நான் அவரைக் கோபித்துக்கொண்டேன், பிள்ளையின் மனசு உங்களுக்குத் தெரியவில்லை என்று. அவர் வலையை மடித்துக்கொண்டே, "மறைச்சு வெச்சா அவனுக்கு அது தப்பு மட்டுந்தான்னு தங்கிடும் மே" என்றார். அவர் சொன்னது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நம் அங்கன்வாடியில் ரத்தசோகை பார்க்கும் முகாம் வந்தது. பிள்ளைத்தாய்ச்சிகளும் வயசுப் பெண்களும் வெளியே வரைக்கும் நின்றார்கள். கூட வர வேண்டிய லேப் ஆள் வரவில்லை. நர்ஸ் அம்மா தனியாகத் திண்டாடினார். நான் உன்னைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தாய், கூட்டத்தைப் பார்த்தாய், "என்னால முடியாதும்மா" என்றாய். நர்ஸ் அம்மாவுக்கு எல்லாம் தெரியும், நைனா புண்ணியத்தில் யாருக்குத்தான் தெரியாது? அவர், "ஊசி நான் குத்தறேன் தம்பி. நீ பேரு எழுது, மெசின்ல பாத்துச் சொல்லு. அது போதும்" என்றார். நீ கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாய்.

அப்புறம் நீ செய்ததுதான் இன்றைக்கும் குப்பத்தில் பேச்சு. வந்தவளை உட்கார வைத்து, ஊசி குத்துவதற்கு முன்னால், உன் பெயரை நீயே சொல், புருஷன் பெயரைச் சொல் என்றாய். ஒருத்தியும் புருஷன் பெயரைச் சொல்லவில்லை. "அது எப்டி சொல்றது? நீதான் தெரிஞ்சவனாச்சே, எழுதிக்க" என்று சிரித்தார்கள். "எனக்குத் தெரியக் கூடாது, நீங்க சொல்லணும்" என்று நீ பிடிவாதமாக இருந்தாய். கூட்டம் நகரவில்லை. கடைசியில் நர்ஸ் அம்மா, "டீச்சர், மொதல்ல நீங்க உக்காருங்க, உங்களப் பாத்து மத்தவங்க சொல்லுவாங்க" என்று என்னைத் தள்ளிவிட்டார்.

"பேரு சொல்லுங்க."

"டேய், உன் அம்மாடா நான்."

"பேரு சொல்லுங்கம்மா."

சொன்னேன்.

"வீட்டுக்காரர் பேரு?"

சீனு, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. ரேஷன் கடையிலும் பக்கத்தில் இருக்கிறவர்களைச் சொல்லச் சொல்வேன். இந்தக் கடிதத்திலும் எழுதப் போவதில்லை. அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்தேன். நீ விளையாடவில்லை. பேனாவைச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாய். வாயைக் கையால் மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன். பெண்கள் எல்லாரும் ஓவென்று சிரித்தார்கள், எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்து, முந்தானையைக் கடித்துக்கொண்டு, தலையைத் திருப்பிக்கொண்டு, புருஷன் பெயரைச் சொன்னார்கள். அன்றைக்கு அங்கேயும் ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தார்கள். நீ எழுதுவதை நிறுத்திவிட்டு, இரண்டு பேரையும் மறுபடி கேட்டாய், இரண்டு சீட்டையும் தள்ளித் தள்ளி வைத்தாய். அதில் ஒருத்தி, தெருக்கோடி வீட்டு மருமகள், நம்மோடு சிரித்துக்கொண்டு நின்றவள், அவளுக்கு ரத்தம் பயப்படுகிற அளவுக்குக் குறைந்திருந்தது. நர்ஸ் அம்மா அப்போதே அவளைப் பொன்னேரிக்கு அனுப்பி வைத்தார். இப்போது அவள் மூத்த மகன் என் அங்கன்வாடியில்தான் கை காலைப் பரப்பிக்கொண்டு தூங்குகிறான். அன்றைக்குச் சாயங்காலம் நீ என்னிடம், "அம்மா, காலேஜ் எப்போ தொறக்குதுன்னு கேட்டுட்டு வரேன்" என்றாய். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

திரும்பிப் போனது லேசான காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். உன்னோடு படித்தவர்கள் போய்விட்டார்கள். உனக்குப் பின்னால் வந்தவர்கள் உன்னை 'அண்ணா' என்று கூப்பிட்டார்கள், முதுகுக்குப் பின்னால் வேறு பெயர் வைத்திருந்தார்கள். அதையும் என்னிடம் சொன்னாய். சொல்லிவிட்டு மறுநாள் விடியலில் பஸ் ஏறினாய். போஸ்டிங்கில் உன்னைப் பெண்கள் வார்டுக்கு முதலில் விடவில்லை, அப்புறம் விட்டார்கள். பரீட்சை எழுதினாய், தேறினாய். அந்தத் துறைத் தலைவியே கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் ஆள் எடுக்கிறார்கள் என்று உன்னைக் கூப்பிட்டுச் சொன்னார். நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு வந்து, வேலை கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னாய். நைனா குப்பம் முழுக்க மிட்டாய் கொடுத்தார்.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். உன்னை விடுதியில் சேர்த்துவிட்டு, வேலை செய்யப் போகும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் ஆசைப்பட்டேன். அந்த ரத்த வங்கிப் பொறுப்பாளர் அம்மாள் எவ்வளவு மரியாதையாக எழுந்து வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப உடம்பு எப்படிங்கம்மா இருக்கு? பையன் சொன்னாருங்க. உங்களுக்கு முடியாமப் போயி, கூட இருந்து பாத்துக்கறதுக்காக ஒரு வருசம் படிப்ப நிறுத்திட்டாராமே. இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளைங்களா!" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உன்னைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போதுதான் விளங்கியது. "நல்லா இருக்கேன் மேடம்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. நான் எப்போதும் நன்றாகத்தான் இருந்தேன்.

படியிறங்கும்போது நீ சொன்னாய்: "ரெண்டு வருசப் படிப்புக்கு ஏன் மூணு வருசம்னு கேட்டாங்கம்மா. ரத்த வங்கில வந்து ரத்தத்த மாத்திட்டேன்னு எப்டி சொல்றது? சொல்லியிருந்தா வேலை கெடைச்சிருக்காது." நான் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஆட்டோவில் ஏறிவிட்டேன். உனக்கு அது கோபமாகத் தெரிந்திருக்கும். கோபம் இல்லை, கண்ணு. நீ சொன்னது சரியாகவும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது, அதனால்தான் வாய் அடைத்துவிட்டது. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த அம்மாள் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு, ஊரில் உட்கார்ந்து உனக்குத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை.

வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். "உனுக்கு இன்னா சீக்குன்னு சொன்னானாம்?" என்று கேட்டார். கேட்கவில்லை என்றேன். "கேட்டிருக்கலாம்ல" என்றார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. துடுப்பை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். பிறகு, "எழுதிப் போடு மே. போன்ல சொன்னா சண்ட ஆயிடும்" என்றார். என்ன எழுத வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் மறைத்து வைத்தால் தப்பு மட்டும்தான் தங்கும் என்று அன்றைக்கு அவர் சொன்ன பேச்சு இப்போது எனக்குப் புரிகிறது. கொஞ்ச நேரம் நின்றதும் நீதான், அப்புறம் ஓடியதும் நீதான். மறைக்கப் போனால் இரண்டும் சேர்ந்துதான் மறைகின்றன. அந்த வருடத்தை யாருக்கும் தெரியாமல் மூடி வைத்துவிட்டு, நாளைக்கு நீயே அதைத் திறந்து பார்த்தால், உள்ளே தப்பு செய்த ஒருவன் மட்டும்தான் இருப்பான். மாடிப்படி ஏறியவன் இருக்க மாட்டான். எனக்கு அந்தப் பயம்தான், வேறில்லை.

அந்த ரத்த வங்கி அம்மாளிடம் இன்றைக்கே போய்ச் சொல் என்று நான் கேட்கப் போவதில்லை. சொல்வதும் சொல்லாததும் உன் கையில். உன் வேலை எப்படிப்பட்டது, யாரிடம் எப்போது எதைச் சொல்லலாம் என்பது என்னைவிட உனக்குத்தான் தெரியும். எப்போது சொன்னாலும், அந்த அம்மாள் எப்படி எடுத்துக்கொண்டாலும், வீட்டுக் கதவு உனக்குத் திறந்திருக்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொள்.

ஆனால் ஒன்று கட்டாயம் நடக்கும், சீனு. நீ அங்கே பழையவனாகிவிடுவாய். உன்னிடம் வேலை கற்றுக்கொள்ளப் பிள்ளைகள் வருவார்கள், நீ வந்த மாதிரியே, எங்கிருந்தோ பஸ் ஏறி, தூக்கம் கலையாமல். அவர்களில் ஒருத்தனோ ஒருத்தியோ ஒருநாள் கையில் ஒரு டியூபை வைத்துக்கொண்டு உன் முன்னால் வந்து நிற்கப் போகிறார்கள். முகத்தில் ரத்தம் இருக்காது. வாய் திறப்பதற்கு முன்பே உனக்குத் தெரிந்துவிடும், மற்றவர்கள் யாருக்கும் தெரியாது. அந்தக் கொஞ்ச நேரம் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று அந்தக் கட்டிடத்திலேயே உனக்கு மட்டும்தான் தெரியும். அப்போது எனக்கு உடம்பு சரியில்லாமல் போன கதை அவர்களுக்கு எதற்கும் உதவாது. நீ எதையும் விளக்கிக்கொண்டிருக்காதே. எந்த வார்டு என்று கேள். அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள், இரண்டு பேருமாக ஓடுங்கள்.

அம்மா